ஹீட்டர் பிளக்: டீசல் இன்ஜினின் முதல் நெருப்பு

ஜனவரி மாதம் ஊட்டியில் பொழுது விடியும்போது புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரத்தில் விடுதி வாசல்களில் ஏதாவது ஒரு டீசல் வண்டி அடம்பிடித்துக்கொண்டிருக்கும். முந்தின நாள் மாலை சமவெளியிலிருந்து ஒரு தொல்லையும் இல்லாமல் மலையேறி வந்த வண்டிதான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணை எரிக்கிறது. ஓட்டுநர் பேட்டரியைச் சந்தேகிக்கிறார். டீசலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்கிறார் பக்கத்தில் நிற்பவர். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் நாலைந்து முறை சுற்றியதில் வண்டி கிளம்பிவிடுகிறது. சமவெளிக்கு இறங்கிய பிறகு யாருக்கும் அது நினைவில் இருப்பதில்லை.

அந்தக் கோளாறு மலையில் பிறந்ததல்ல. பல மாதங்களாக இன்ஜினுக்குள்ளேயே இருந்தது. சமவெளியின் வெப்பம் அதை மறைத்துவைத்திருந்தது. பென்சிலைவிடச் சன்னமான ஒரு உலோக முனை சூடாகாமல் போனதுதான் காரணமாக இருக்கலாம். புத்தகங்களில் அதன் பெயர் குளோ பிளக். நம் பட்டறைகளில் ஹீட்டர் பிளக். அது பழுதாகிவிட்டதா என்று கண்டுபிடிப்பது மந்திரமல்ல. டீசல் இன்ஜினில் நெருப்பு எப்படிப் பிறக்கிறது என்பது புரிந்துவிட்டால், செய்ய வேண்டிய சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வரிசையில் வந்து நிற்கும்.

காற்றை அழுத்தினால் நெருப்பு

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைச் சுமார் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று பல நூறு டிகிரிச் சூட்டை எட்டுகிறது. அதற்குள் டீசல் பூவாகத் தெளிக்கப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது.

அழுத்தினால் காற்று நெருப்பாகச் சுடும் என்பதைத் தென்கிழக்கு ஆசியாவின் மக்கள் டீசல் இன்ஜினுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். மலாயாவிலும் பர்மாவிலும் மூங்கிலிலோ கொம்பிலோ குடைந்த சிறு குழாயும் அதற்குள் இறுக்கமாக நுழையும் ஒரு தண்டும் வைத்திருப்பார்கள். தண்டின் நுனியில் துளி பஞ்சு. தண்டை உள்ளங்கையால் ஒரே அடியில் உள்ளே தள்ளி வெளியே எடுத்தால் பஞ்சு கனன்றுகொண்டிருக்கும். மெதுவாகத் தள்ளினால் பற்றாது. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1858-இல் பாரிஸில் பிறந்த ருடால்ஃப் டீசல், மியூனிக்கில் கார்ல் ஃபான் லிண்டே என்ற குளிர்பதன அறிஞரிடம் வெப்பவியல் படித்தவர். நீராவி இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பங்கை வீணாக்குவது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் அவருடைய இன்ஜின் முறைப்படி சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தைச் சக்தியாக மாற்றிக் காட்டியது. அன்றைய சாதாரண நீராவி இன்ஜின்கள் 10 சதவீதத்தைத் தொடவே திணறிக்கொண்டிருந்தன. இன்று கப்பலும் டீசல் ரயிலும் லாரியும் இறைவை இன்ஜினும் ஓடுவது அந்த ஒரே கொள்கையில்தான்.

வெளியே 28 டிகிரி, உள்ளே 90 டிகிரி

இப்போது ஒரு சிறு கணக்கு. வெப்ப இழப்பே இல்லாமல் காற்றை இருபதில் ஒரு பங்காக அழுத்தினால், அதன் வெப்பநிலை சுமார் 3.3 மடங்காகும். இங்கே வெப்பநிலையைச் செல்சியஸில் அளக்கக் கூடாது. செல்சியஸுடன் 273-ஐக் கூட்டிக் கிடைக்கும் கெல்வினில் அளக்க வேண்டும். மதுரையில் 30 டிகிரிக் காற்று என்றால் 303 கெல்வின். அது ஏறத்தாழ 1000 கெல்வின், அதாவது 730 டிகிரி செல்சியஸ் ஆகிறது. ஊட்டியில் விடியற்காலை 2 டிகிரிக் காற்று என்றால் 275 கெல்வின். அது சுமார் 640 டிகிரி செல்சியஸ்வரைதான் ஏறும்.

வெளியே இருந்த வேறுபாடு 28 டிகிரி. சிலிண்டருக்குள் அதுவே 90 டிகிரிக்கு மேல் வளர்ந்துவிட்டது. அழுத்தும் செயல் வெப்பத்தைப் பெருக்குவதுபோலவே குளிரின் குறையையும் பெருக்குகிறது.

இது இழப்பே இல்லாத கற்பனை இன்ஜின். உண்மையில், சுடும் காற்றைச் சுற்றி இருப்பது இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு. அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு உறிஞ்சும் என்பது கிடைக்கும் நேரத்தைப் பொறுத்தது. இன்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது, பிஸ்டன் கீழிருந்து மேலேறிக் காற்றை அழுத்த 0.04 விநாடிகூட ஆவதில்லை. செல்ஃப் மோட்டார் 200 சுற்றில் சுற்றும்போது அதே வேலைக்கு 0.15 விநாடி ஆகிறது. நாலு மடங்கு நேரம் கிடைத்தால் இரும்பு கூடுதலாகவே குடித்துவிடும். பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் காற்றும் நழுவும். மூங்கில் குழாயில் மெதுவாகத் தள்ளினால் பஞ்சு பற்றாததற்கும் இதுவே காரணம்.

இந்த இழப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் மதுரையில் சுமார் 470 டிகிரி, ஊட்டியில் சுமார் 400 டிகிரி என்று வருகிறது. குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, பேட்டரியும் சோர்ந்து, செல்ஃப் இன்னும் மெதுவாகச் சுற்றினால் 300 டிகிரியை ஒட்டிக்கூட இறங்கிவிடலாம். தெளிக்கப்பட்ட டீசல் ஆவியாகிப் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்குள் பற்ற வேண்டுமானால் நல்ல சூடு வேண்டும். டீசலின் பற்றும் வேகத்தைக் குறிக்கும் சீட்டேன் எண், இந்தியாவின் பிஎஸ் 6 டீசலில் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல டீசலும் குளிர்ந்த காற்றில் தயங்கத்தான் செய்யும்.

ஊட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு என்பதால் டீசல் பற்ற இன்னும் தாமதமாகிறது. குளிரும் உயரமும் சேர்ந்து ஒரே இடத்தில் கை வைக்கின்றன.

பற்றாத டீசல் எங்கே போகும்? பாதி ஆவியாகி, வெளியே வந்து, குளிர்ந்து நுண்துளிகளாகிறது. கண்ணை எரிக்கும் அந்த வெள்ளைப் புகை, எரியாமல் வெளியேறிய டீசலேதான்.

லாரிக்கு வேண்டாம், காருக்கு வேண்டும்

நம் ஊர் லாரிகளிலும் பேருந்துகளிலும் பெரும்பாலானவற்றில் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் இருப்பதில்லை. ரயில் இன்ஜினிலும் கப்பலிலும் இல்லை. அவற்றைவிடச் சிறிய கார் இன்ஜினுக்கு மட்டும் ஏன் இந்தத் துணை?

காரணம் அளவு. ஒரு டம்ளர் காபி சீக்கிரம் ஆறிவிடும். ஒரு அண்டா காபி ஆற நேரமாகும். பாத்திரம் சிறுத்தால் உள்ளே இருக்கும் பொருளுக்கு ஒப்பிடும்போது அதைச் சூழ்ந்த சுவரின் பரப்பு கூடிவிடுகிறது. சிறிய சிலிண்டரும் அப்படியே தன் வெப்பத்தைச் சுவரிடம் வேகமாக இழக்கிறது. பெரிய சிலிண்டர் காப்பாற்றிக்கொள்கிறது. மிகக் குளிர்ந்த நாடுகளில் ஓடும் லாரிகளில், உள்ளே வரும் காற்றையே சூடாக்கும் ஹீட்டர் வைப்பார்கள். அது வேறு வகை.

பழைய கார், ஜீப் இன்ஜின்களில் இந்த இழப்பு இன்னும் அதிகம். டீசல் அம்பாசடரிலும், பியூஷோ இன்ஜின் பூட்டிய மஹிந்திரா ஜீப்பிலும் டீசல் நேராகப் பிஸ்டன் தலைமேல் தெளிக்கப்படவில்லை. சிலிண்டர் ஹெட்டில் குடைந்த ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்பட்டது. காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக அந்த அறைக்குள் சுழன்று நுழைய வேண்டும். நுழையும்போதே வெப்பத்தை விட்டுவிடும். அதனால் அந்த வண்டிகளுக்குச் சமவெளிக் காலையிலும் ஹீட்டர் தேவைப்பட்டது. சாவியைத் திருப்பி, சற்று நேரம் காத்திருந்து, பிறகு செல்ஃப் அடிப்பது அந்தத் தலைமுறை ஓட்டுநர்களின் கையில் ஊறிய பழக்கம்.

இன்றைய காமன் ரயில் (பொதுக் குழாய்) வகைக் கார் இன்ஜின்கள் டீசலை நேராகத் தெளிக்கின்றன. சமவெளியின் சாதாரணக் காலையில் ஹீட்டர் பிளக்கின் துணை இல்லாமலே கிளம்பிவிடும். இந்த நல்ல குணம்தான் கோளாறை மறைக்கிறது. நாலு பிளக்கில் ஒன்று செத்தால் மூன்று சிலிண்டர் பற்றி நாலாவதை இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டாவதும் செத்தால் ஓரிரு சுற்று கூடுதலாகச் சுற்றும். யாருக்கும் தெரியாது. மலையேறி ஓர் இரவு வெளியே நிறுத்தும்போதுதான் கணக்கு தீர்க்கப்படும்.

அந்த முனைக்குள் என்ன இருக்கிறது?

இன்ஜினைக் கிளப்ப முதலில் சூடு கொடுக்கும் எண்ணம் டீசலின் பெயரைவிடப் பழையது. இங்கிலாந்தின் ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டுவர்ட் 1890-இல் காப்புரிமை பெற்ற இன்ஜினில், சிலிண்டரோடு ஒட்டிய இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் பல நிமிடம் சுட வைத்த பிறகே இன்ஜினைச் சுற்றுவார்கள். 1936-இல் வந்த மெர்சிடிஸ் 260 டி போன்ற டீசல் கார்களில் அந்த வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்டது.

பழைய பிளக்குகளின் நுனியில் தடித்த கம்பிச் சுருள் வெளியே தெரியும். அவை ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் எல்லாமே அணைந்துவிடும்; கோளாறு உடனே தெரிந்துவிடும். பின்னால் வந்த குச்சி வகைப் பிளக்குகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒன்று போனால் மற்றவை வேலை செய்யும். வசதி கூடியது, கோளாறு ஒளிந்துகொள்ளவும் இடம் கிடைத்தது.

குச்சி வகையின் வெளியுறை வெப்பம் தாங்கும் நிக்கல் கலவை. உள்ளே மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுகத் திணிக்கப்பட்டிருக்கும். அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. தூளுக்குள் இரண்டு சுருள்கள். நுனியில் இருப்பது சூடாக்கும் சுருள். அதன் பின்னால் இருப்பது கட்டுப்படுத்தும் சுருள். இரண்டாவது சுருளின் உலோகம் சூடாகச் சூடாகத் தன் மின்தடையைப் பல மடங்கு உயர்த்திக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது நிறைய மின்சாரத்தை விடும். நுனி சில விநாடிகளில் செந்தணலாகும். சூடு ஏறியதும் அந்தச் சுருளே மின்சாரத்தைக் குறைத்துவிடும். எந்தக் கருவியும் வெளியிலிருந்து கட்டளையிடாமல், ஓர் உலோகத்தின் இயல்பு மட்டுமே காவல் நிற்கிறது. நுனி 850 முதல் 1000 டிகிரிவரை போகும். சிலிக்கான் நைட்ரைடு பீங்கானால் ஆன புதிய பிளக்குகள் இரண்டு விநாடியில் 1000 டிகிரியைத் தொட்டு, 1200-ஐயும் தாண்டும்.

சிலிண்டர் முழுவதையும் சூடாக்குவது அதன் வேலை அல்ல. நாசில் தெளிக்கும் டீசல் மேகத்தின் ஓரம் அந்த நுனியை உரசிச் செல்லும்படி பொருத்தியிருப்பார்கள். உரசிய இடத்தில் மட்டும் தீப்பற்றுகிறது. அங்கிருந்து சுடர் மற்ற டீசலுக்குப் பரவுகிறது. இன்ஜின் கிளம்பிய பிறகும் பல வண்டிகளில் பிளக்குகள் மூன்று நிமிடம்வரை கனன்றுகொண்டிருக்கும். புகையும் குளிர்ந்த இன்ஜினின் கடகட சத்தமும் குறைவது அதனால்தான்.

நோய் இதுதானா?

காலையில் கிளம்ப மறுக்கும் எல்லா டீசல் வண்டிக்கும் ஹீட்டர் பிளக் காரணமல்ல. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சூடாக இருக்கும்போது எப்படிக் கிளம்புகிறது? ஓடி நிறுத்திய வண்டி அரைச் சுற்றில் பிடித்து, இரவு குளிர்ந்த பிறகு மட்டும் தகராறு செய்தால் சந்தேகம் பிளக்மீது வலுக்கும். சூடாக இருக்கும்போதும் நெடுநேரம் சுற்றினால் வேறு இடம் பார்க்க வேண்டும். டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கலாம்; ஃபில்டர் அடைத்திருக்கலாம்; கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம்.

இரண்டாவது சாட்சி புகை. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் சிலிண்டருக்கு டீசல் வந்து சேர்கிறது, பற்றவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசலே வரவில்லை. ஹீட்டர் பிளக்கைத் தேடிப் பயனில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல்.

மூன்றாவது சாட்சி காது. ஒரே ஒரு பிளக் செத்திருந்தால், கிளம்பிய முதல் ஒரு நிமிடம் இன்ஜின் மிஸ்ஸிங்குடன் ஆடும். பிறகு தானே சீராகிவிடும். அந்தச் சிலிண்டர் மெல்லச் சூடேறித் தன் காலில் நிற்கத் தொடங்கியதன் ஒலி அது.

டேஷ்போர்டில் சுருள் வடிவத்தில் எரியும் ஹீட்டர் விளக்கை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல வண்டிகளில் அந்த விளக்கு எரிவது டைமரின் கட்டளையால். பிளக்குகள் உண்மையில் சூடாகின்றனவா என்று அது பார்ப்பதில்லை. நாலு பிளக்கும் செத்த வண்டியிலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும்.

மின்சாரம் போகும் வழியே போவது

சோதனையின் ஒழுங்கு எளிது: மின்சாரம் போகும் பாதையில் பேட்டரியிலிருந்து நுனிவரை நாமும் நடக்க வேண்டும்.

பேட்டரிதான் தொடக்கம். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே விழுந்தால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியைச் சரிசெய்ய வேண்டும். மெதுவாகச் சுற்றும் இன்ஜின் எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்று பார்த்தோமே.

அடுத்து, பிளக்குகளின் தலையை இணைக்கும் பட்டை அல்லது ஒயர். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருப்பி அங்கே வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் குற்றம் பிளக்கில் இல்லை. பெரிய ஃபியூஸ், ரிலே, டைமர், ஒயர் ஆகியவற்றில் ஒன்று. கூலன்ட் சென்சார் பழுதாகி இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாகப் பொய் சொன்னாலும் ரிலே வேலை செய்யாது.

வோல்ட்டேஜ் வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது என்றால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு சுருள் தரும் வெப்பம் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 12 வோல்ட் 10 ஆகக் குறைந்தால் ஆறில் ஒரு பங்குதான் போயிற்று என்று தோன்றும். வெப்பம் 30 சதவீதம் போய்விடும். துருப்பிடித்த முனையும், கருகிய ரிலேயும், தளர்ந்த எர்த் ஒயரும் இந்தத் திருட்டைச் செய்பவை. பிளக்கின் உடல் சிலிண்டர் ஹெட் வழியாகத்தான் எர்த் ஆகிறது என்பதால் இன்ஜினின் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும்.

பிறகுதான் பிளக். பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பட்டை மாட்டியிருக்கும்போது அளந்தால் நல்ல பிளக் செத்த பிளக்கை மறைத்துவிடும். பட்டறைகளின் பழைய முறை டெஸ்ட் லாம்ப்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்ப் வழியாகப் பிளக்கின் தலையைத் தொட்டால், சுருள் அறுந்திராவிட்டால் பல்ப் எரியும். இதற்கு இழை பல்ப்தான் சரி. எல்இடி டெஸ்டருக்குத் துளி மின்சாரமே போதும். பாதி கெட்ட பிளக்கிலும் எரிந்து ஏமாற்றும். மல்டிமீட்டரில் குளிர்ந்த பிளக் பொதுவாக 0.5 முதல் 2 ஓம்வரை காட்டும். இவ்வளவு சிறிய தடையில் மீட்டர் ஒயரின் தடையே கலந்துவிடும் என்பதால், முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். முடிவிலி காட்டினால் பிளக் செத்துவிட்டது. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஓம் சரியாக இருப்பதாலேயே பிளக் நல்லது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே நுனிச்சுருள் உருகி உறையோடு ஒட்டியிருந்தாலும் மின்சாரம் போகும். சூடாவது நுனியாக இருக்காது. அதனால் என் மதிப்பில் தலையாய சோதனை மின்னோட்டத்தை அளப்பதுதான். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பிளக்குகளுக்குப் போகும் ஒயரைச் சுற்றி மாட்டினால் போதும். எதையும் கழற்ற வேண்டாம். ஏசி மட்டும் அளக்கும் மீட்டர் உதவாது. சாவியைத் திருப்பியதும் ஆம்பியர் விறுவிறுவென ஏறி, சில விநாடிகளில் படிப்படியாக இறங்கி, ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். அந்த இறக்கம்தான் கட்டுப்படுத்தும் சுருள் உயிரோடு இருப்பதன் அடையாளம். நிலைத்த பிறகு ஒரு பிளக் பத்து ஆம்பியர் எடுக்கும் வண்டியில் நாலுக்கும் சேர்த்து நாற்பது வர வேண்டும். முப்பது வந்தால் ஒன்று இல்லை. இருபது வந்தால் இரண்டு இல்லை. சுவருக்கு அப்பால் இருக்கும் நெருப்பை எண்ணிப் பார்ப்பதற்கு இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது.

புதிய வண்டிகளில் கன்ட்ரோலரே ஒவ்வொரு பிளக்கையும் கவனிக்கிறது. ஸ்கேனரில் பி0671 வந்தால் முதல் சிலிண்டரின் பிளக் சுற்று, பி0672 வந்தால் இரண்டாவது என்று பொருள். அந்த எண் சொல்வது மின்சுற்றைப் பற்றி. பிளக்கும் கெட்டிருக்கலாம், ஒயரும் அறுந்திருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். இந்த வண்டிகளில் பல பிளக்குகள் 4.4, 5 அல்லது 7 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. கன்ட்ரோலர் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து அவற்றைக் காக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துச் சோதித்தால், நல்ல பிளக் சோதனையிலேயே எரிந்துபோகும்.

நுனி சொல்லும் கதை

கழற்றிய பிளக்கைக் குப்பையில் எறிவதற்கு முன் அதன் நுனியைப் பார்க்க வேண்டும். அது ஏன் செத்தது என்பது அங்கே எழுதியிருக்கும்.

நுனி உருகியோ கரைந்தோ போயிருந்தால் பிளக் கொலை செய்யப்பட்டது; இயல்பாகச் சாகவில்லை. நாசில் பூவாகத் தெளிக்காமல் ஒழுகியிருக்கலாம்; டீசல் உரிய நேரத்துக்கு முன்பே தெளிக்கப்பட்டிருக்கலாம். நாசிலைப் பார்க்காமல் புதிய பிளக் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். உறை உப்பியோ மடிந்தோ வெடித்தோ இருந்தால் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்திருக்கிறது. ரிலே ஒட்டிக்கொண்டு, வண்டி ஓடும்போதும் பிளக்கைச் சுட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்; அல்லது அந்த வண்டிக்கு உரியதல்லாத பிளக்கை மாட்டியிருக்கலாம். தலையில் இருக்கும் முனை ஆடினால் முன்பு யாரோ நட்டை முறுக்கியதில் எல்லை மீறியிருக்கிறார்கள். நுனி முழுதாக, ஒழுங்காக இருந்தும் சுருள் மட்டும் அறுந்திருந்தால் அது முதுமை. அப்படியானால் அதே வயதுள்ள மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன. நாலையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

கழற்றுவதுதான் இந்த வேலையில் ஆபத்தான கட்டம். கரி படிந்து இறுகிய பிளக் பாதியில் முறிந்தால் முனை ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். சில நேரம் ஹெட்டையே இறக்க நேரிடும். எட்டு மில்லிமீட்டர் மரை உள்ள பிளக் 20 நியூட்டன் மீட்டர் அளவிலேயே முறியக் கூடும். பத்து மில்லிமீட்டர் பிளக் 35 அளவில். இவை கையால் எளிதில் தாண்டிவிடக்கூடிய அளவுகள். இன்ஜின் சூடாக இருக்கும்போது, முன்னமே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, டார்க் ரெஞ்சால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுப்பவரே நல்ல மெக்கானிக். புதியதை மாட்டுவதற்கு முன் துளையில் இருக்கும் கரியைச் சுத்தம் செய்வதும் வேலையின் ஒரு பகுதி.

கழற்றிய துளைக்கு இன்னொரு பயன் உண்டு. அந்த வழியாகவே கம்ப்ரஷன் கேஜை மாட்டலாம். நாலு பிளக்கும் நன்றாக இருந்தும் வண்டி குளிரில் அடம்பிடித்தால், ரிங் தேய்ந்து காற்று நழுவுகிறதா என்று அந்தத் துளையே சொல்லிவிடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கிளம்பாத வண்டிக்குக் காற்று இழுக்கும் வாயில் ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. ஈதர் மிகக் குறைந்த சூட்டில் பற்றுவது. கனன்றுகொண்டிருக்கும் நுனியைத் தொட்டதும், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து, பிஸ்டனையும் ராடையும் வளைத்துவிடும்; மேனிஃபோல்டிலேயே தீப்பற்றி முகத்தைச் சுடவும் செய்யும்.

மலைப் பயணத்துக்கு முன் டயரையும் பிரேக்கையும் பார்க்கிறோம். டீசல் வண்டி என்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியை இரவு பட்டறையில் விட்டு, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஹீட்டர் பிளக்குகளின் ஆம்பியரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். "மாத்திப் பாத்துடலாம் சார்" என்ற பதிலோடு திருப்தியடையாமல், மீட்டரில் வந்த எண்ணைக் கேளுங்கள். பழைய பிளக்கைக் கையில் வாங்கி நுனியைப் பாருங்கள். அளந்து பார்த்துப் பழுதைச் சொல்லும் மெக்கானிக்குகள் நம் ஊர்ப் பட்டறைகளில் நிறையவே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் வண்டியை விடுங்கள். அந்த வேலைக்கு உரிய கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.